ஒன்பதாவது கட்டம்

தம்புச் செட்டித் தெரு, மதராஸ்
28-5-1947

அன்புள்ள உண்ணாமலைக்கு,

சுகம் விசாரிப்பது அப்புறம், முதலில் விஷயம். நீ பி.ஏ. பாஸ் செய்த செய்தி நேற்று மத்தியானம் எனக்குக் கிடைத்தது. ஆனால் அதை முதலில் படித்தவன் நான் இல்லை, குழந்தைசாமி. ஆபீஸில் நாங்கள் இரண்டு டைப்பிஸ்டுகள் என்று உனக்கு எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்? நீ உறையின் மேல் 'டைப்பிஸ்ட் அவர்கள், வக்கீல் ஆத்மநாதன் ஆபீஸ்' என்று மட்டும் எழுதினால், தபால்காரர் கண்ணில் யார் முதலில் படுகிறாரோ அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். குழந்தைசாமி பிரித்து, 'அன்புள்ள மச்சானுக்கு' என்று சத்தமாகப் படித்த பிறகுதான், தன்னை மச்சான் என்று கூப்பிட உலகத்தில் ஆளே இல்லை என்பது நினைவு வந்து என்னிடம் நீட்டினான். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. போகட்டும், அந்தச் சிரிப்போடு எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது வகுப்பு! நமக்குக் கல்யாணமான மாதமே நான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டேன், நீ நிற்க வேண்டாம் என்று. புதுக்கோட்டையில் இண்டர், திருச்சியில் பி.ஏ., நாலு வருஷம் ஓடிவிட்டது. இனி மிச்சம் சட்டம் இரண்டே வருஷம்.

இன்று காலை ஆபீஸுக்கு அரைமணி தாமதமாகப் போனேன். காரணம், சட்டக் கல்லூரிக்குப் போய் அப்ளிகேஷனும் விவரப் புத்தகமும் வாங்கிவந்தேன். விவரப் புத்தகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வருஷம் எப்.எல். பரீட்சை: சட்டத் தத்துவம், ஒப்பந்தம், டார்ட்ஸ் என்கிற தீங்குச் சட்டம், அரசியல் சட்டம். இரண்டாம் வருஷம் பி.எல்.: இந்து சட்டம், முகமதிய சட்டம், சொத்து, குற்றம், சாட்சியம். அதோடு நாமாகப் பொறுக்கி எடுக்கிற பாடம் ஒன்று. கம்பெனிச் சட்டமா, நில உரிமைச் சட்டமா என்று அப்ளிகேஷனிலேயே சொல்லிவிட வேண்டும். அதைப் பற்றி எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பூர்த்தி செய்த மனு ஜூன் முப்பதாம் தேதி திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆத்தாவிடம் பக்குவமாகச் சொல். உறையில் இனியாவது என் பெயரை எழுது.

ஆவுடையப்பன்


திருக்கோகர்ணம்
2-6-1947

அன்புள்ள மச்சானுக்கு,

விவரப் புத்தகத்தை நாலு தடவை படித்துவிட்டேன். மூன்றாவது தடவை அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலாவது தடவையை அதனால் மாடியில் போய்ப் படித்தேன்.

அரசியல் சட்டம் என்று முதல் வருஷத்தில் போட்டிருக்கிறார்களே, அதை எந்தப் புத்தகத்திலிருந்து சொல்லித் தருவார்கள்? பழைய சட்டம் மூட்டை கட்டிக்கொண்டு இருக்கிறது. புதியதை டில்லியில் இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே பாடம் மாறப்போகிறது. இப்படி ஒரு வருஷத்தில் சட்டம் படிக்க யாருக்குக் கிடைக்கும்? நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை, கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்.

பொறுக்கி எடுக்கும் பாடத்துக்கு உங்களுக்கு யோசனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யோசனை இல்லை, முடிவே இருக்கிறது. நில உரிமைச் சட்டம்தான். காரணம் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். எனக்குப் பதினொரு வயதில் வல்லத்திராக்கோட்டையில் எங்கள் அப்பா ஒரு வழக்குப் போட்டார். மேல்வயல்காரர் கண்மாய் மடையை அடைத்துவிட்டார், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. நாங்கள் அமர்த்திய வக்கீல் எழுந்து, 'எதிரி கலிங்கை அடைத்துவிட்டார்' என்று வாதாடினார். கலிங்கு என்பது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற இடம். அதை அடைத்தால் கண்மாயில் தண்ணீர் கூடுமே ஒழிய வயலுக்கு எப்படிக் குறையும் என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். கோர்ட்டே சிரித்தது. வழக்கு தள்ளுபடி. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். மடை எது கலிங்கு எது என்று தெரிந்த ஒருத்தி கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று.

அத்தையிடம் சொன்னேன். 'கோர்ட்டுக்குப் போயி கத்தணுமா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். 'அது ஒனக்கு வரும்' என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டார்கள். ஆகவே அனுமதி கிடைத்துவிட்டது.

உறையில் பெயர் எழுத மாட்டேன். அது மட்டும் கேட்காதீர்கள். புருஷன் பெயரைச் சொல்லவும் கூடாது எழுதவும் கூடாது என்று நான் இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் 'சிவப்பான டைப்பிஸ்ட் அவர்கள்' என்று எழுதுகிறேன். குழந்தைசாமி அண்ணன் கறுப்பு என்றுதானே சொன்னீர்கள்?

உண்ணாமலை


மதராஸ்
6-6-1947

அன்புள்ள உண்ணாமலைக்கு,

'சிவப்பான டைப்பிஸ்ட் அவர்கள்' என்று நிஜமாகவே எழுதிவிட்டாயே. தபால்காரர் என்னையும் குழந்தைசாமியையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

உன் அப்பாவின் வழக்கைப் படித்து எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் ஆறு வருஷமாக ஒரு வக்கீலின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், நீ உட்காரவில்லை. நிலத்து வழக்குக்காரர்கள் காலையில் வந்து சாயங்காலம் வரை வராந்தாவில் காத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் காரில் வருகிறார்கள், அவர்களுக்கு வக்கீலே எழுந்துவந்து கதவு திறக்கிறார். சுதந்திரம் வந்தால் ஊருக்கு நாலு கம்பெனி முளைக்கும். பெண் வக்கீல் என்றால் ஏற்கெனவே ஆட்கள் யோசிப்பார்கள். நீ அதிலும் கண்மாயையும் வாய்க்காலையும் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி?

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று அப்ளிகேஷனை நானே பாதி முடித்துவிட்டேன். ஒன்பதாவது கட்டம் கணவர் பெயர். நீ எழுத மாட்டாய் என்று தெரியும், ஆகவே என் ரெமிங்டன் டைப் மெஷினில் அழகாக அடித்திருக்கிறேன். பதினாலாவது கட்டம் விருப்பப் பாடம், அங்கே கம்பெனிச் சட்டம் என்று அடித்துவிட்டேன். மிச்சத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கல்லூரிக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிடு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது, வெளிச்சத்தில் வைத்துப் பார்.

புரசைவாக்கத்தில் ஒரு போர்ஷன் பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது.

ஆவுடையப்பன்


திருக்கோகர்ணம்
11-6-1947

மச்சானுக்கு,

எழுத்துப் பிழை இல்லை. பார்த்தேன்.

படிக்கப்போவது நானா நீங்களா? பதினாலாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் பதினொரு வயதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு சாயங்காலத்தில் டைப் அடித்துவிட்டீர்கள். நாலு வருஷம் படிக்கவைத்தது இவர்தான், இவர் சொன்னால் என்ன என்று ஒரு மணி நேரம் என்னை நானே சமாதானம் செய்துபார்த்தேன். ஆகவில்லை. படிக்கவைத்ததற்கு நன்றி எப்போதும் உண்டு. அந்த நன்றிக்காக என் பாடத்தை உங்கள் ரெமிங்டனுக்குக் கொடுக்க முடியாது.

கம்பெனிச் சட்டத்தின் மேல் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, நில உரிமைச் சட்டம் என்று மையால் எழுதி, இன்று காலை புதுக்கோட்டைப் பெரிய தபாலாபீஸில் ரிஜிஸ்தர் செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். நீங்களும் என்னைக் கேட்கவில்லை.

போர்ஷனில் தண்ணீர்க் குழாய் உள்ளே இருப்பது பற்றிச் சந்தோஷம்.

உண்ணாமலை


மதராஸ்
19-6-1947

உண்ணாமலை,

உன் கடிதத்துக்கு ஒரு வாரம் பதில் போடவில்லை. கோபம்தான், மறைக்க மாட்டேன். டைப் அடிக்கும்போது எல்லா இடத்திலும் ஒரு எழுத்து விடுபட்டு, வக்கீலிடம் திட்டு வாங்கினேன். 'வீட்டுலயிருந்து காயிதம் வந்துச்சா?' என்று குழந்தைசாமி கேட்டான். வந்தது என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

இப்போது கோபத்துக்கு நேரம் இல்லை. இன்று நான் கல்லூரிக்குப் போனேன். உன் மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

கவுண்ட்டரில் இருந்த கிளார்க் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். மனுவில் இருப்பது எல்லாம் மனுதாரர் கைப்பட எழுதியிருக்க வேண்டும், டைப் கூடாது, அடித்துத் திருத்தல் கூடாது என்று விவரப் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருக்கிறதாம். நீ நாலு தடவை படித்தாய், நான் ஆறு வருஷமாக வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். இரண்டு பேரும் பின்னட்டையைப் படிக்கவில்லை. நம் மனுவில் டைப்பும் இருக்கிறது, அடித்தலும் இருக்கிறது. 'ஒரே மனுவில் ரெண்டு பேர் சண்டை போட்ட மாதிரி இருக்கே' என்று அவர் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புது அப்ளிகேஷன் ஒன்று வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். ஒரு கட்டத்தைக்கூட நான் தொடவில்லை. பதினாலாவது கட்டத்தில் உன் இஷ்டம். உன் பாடத்தில் நான் கை வைத்தது தப்பு. அதை நேரில் சொல்லலாம் என்று இருந்தேன், எழுதிவிடுவதே நல்லது.

ஆனால் ஒன்பதாவது கட்டத்தை இந்தத் தடவை நீதான் எழுத வேண்டும். இங்கிலீஷில் பன்னிரண்டு எழுத்து. கஷ்டமான எழுத்து ஒன்றும் இல்லை. இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது.

ஆவுடையப்பன்


திருக்கோகர்ணம்
22-6-1947

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு முன்னால் இருந்ததை மூன்று தடவை படித்தேன். 'தப்பு' என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு எனக்கும் கோபம் இல்லை. உங்களைக் கேட்காமல் ரிஜிஸ்தர் செய்தது என் தப்பு. இரண்டு தப்பும் கழிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மனுவை நிரப்பிவிட்டேன். என் பெயர், வயது இருபத்தொன்று, பிறந்த ஊர், பரீட்சை நம்பர். பிரிட்டிஷ் பிரஜையா சமஸ்தானப் பிரஜையா என்ற கட்டத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் என்று எழுதினேன். ஆகஸ்டுக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்களோ, அதை நினைத்தாலே சிலிர்க்கிறது. பதினாலாவதில் நில உரிமைச் சட்டம் என்று, ஒரு அடித்தல் இல்லாமல், என் கையெழுத்தில் இவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

ஒன்பதாவது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

நீங்கள் இதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அத்தைக்குப் பயந்து என்றும் நினைக்கலாம். இரண்டும் இல்லை. உங்களிடம் ஒரு விஷயத்தை இரண்டு வருஷமாக மறைத்திருக்கிறேன். திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது ஒரு பாரம் கொடுத்தார்கள். அதிலும் கணவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. காலேஜ் பெண்தானே, இதெல்லாம் என்ன என்று நான் துணிச்சலாக எழுதினேன். வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான். ஐந்தாம் நாள் மதராஸிலிருந்து தந்தி வந்தது, உங்களுக்கு டைபாய்டு என்று. நாற்பது நாள் படுக்கையில் கிடந்தீர்கள். அந்த நாற்பது நாளும் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பாரத்தைத் திருப்பிக் கேட்டு ஹாஸ்டல் ஆபீஸில் போய் நின்றிருக்கிறேன். கொடுக்கவில்லை.

பி.ஏ. படித்தவள் இப்படி எழுதுகிறாளே என்று வெட்கமாக இருக்கிறது. பேனாவை எடுக்கிறேன், கை அந்தக் கட்டத்துக்குப் போனதும் நின்றுவிடுகிறது. அப்பா பெயரை எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா என்று அந்தக் கிளார்க்கிடம் கேளுங்கள். முடியாது என்றால் இந்த வருஷம் வேண்டாம். உங்களை வைத்து நான் சூதாட மாட்டேன்.

உண்ணாமலை


மதராஸ்
24-6-1947

என் அன்பான உண்ணாமலைக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு ஆபீஸ் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்பது நாளில் நீ எனக்கு எழுதிய கடிதங்கள் ஏன் அத்தனை சின்னதாக இருந்தன என்று இப்போதுதான் விளங்கியது. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளார்க்கிடம் கேட்டேன். கல்யாணமானவர்களுக்கு அப்பா பெயர் செல்லாதாம்.

நீ வக்கீல் ஆகப்போகிறவள், ஆகவே வக்கீலிடம் கேட்கிற மாதிரி உன்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். நான் அப்போது எந்த மெஸ்ஸில் சாப்பிட்டேன்? தங்கசாலைத் தெரு மெஸ்ஸில். என்னோடு அதே பந்தியில் உட்கார்ந்து அதே தண்ணீரைக் குடித்தது யார்? குழந்தைசாமி. அவனுக்கும் அதே வாரம் டைபாய்டு வந்தது. எனக்கு அடுத்த கட்டிலில்தான் கிடந்தான். அவனுக்கு இன்றைய தேதி வரை கல்யாணம் ஆகவில்லை. அவன் பெயரை எந்தப் பாரத்தில் யார் எழுதினார்கள்? இதை அவனிடமே கேட்டேன். 'அப்படி ஒருத்தி எழுதியிருந்தா நான் இன்னொரு தடவையும் காய்ச்சல்ல படுக்கத் தயார்' என்கிறான்.

இதை நான் உனக்குச் சிரிப்பு வரவேண்டும் என்று எழுதுகிறேன். ஆனால் பயம் கேள்வி கேட்டால் போய்விடுகிற விஷயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே எழுது என்று நான் சொல்லவில்லை. நீ எழுதாவிட்டால் நான் கோபிக்க மாட்டேன், ஆத்தா சத்தியம். ஆனால் நீ மடைக்கும் கலிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நீதிபதிக்குச் சொல்லித்தருவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது ரொம்ப ஆசை வந்துவிட்டது. கம்பெனிக்காரர்களின் காருக்கு வேறு யாராவது கதவு திறக்கட்டும்.

எழுதினால் வியாழக்கிழமைத் தபாலில் போட்டுவிடு. அதற்கு மேல் போனால் எனக்குச் சேராது. என் விலாசத்துக்கே அனுப்பு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

ஆவுடையப்பன்


திருக்கோகர்ணம்
26-6-1947

அன்புள்ள மச்சானுக்கு,

தபால் மூட்டை கட்ட ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும், பயத்தில் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில்.

உங்கள் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. குழந்தைசாமி அண்ணன் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். கை மறுபடியும் நின்றுவிட்டது. வாதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், கைக்கு அது தெரியவில்லை.

அத்தை அடுக்களையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். 'என்னத்தா, நாலு நாளா அந்தக் காயிதத்தையே வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கே?' என்றார்கள். நான் மழுப்பாமல் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை எழுத வேண்டும், எழுதாவிட்டால் இடம் கிடைக்காது, எழுதப் பயமாக இருக்கிறது, திருச்சிப் பாரம், டைபாய்டு எல்லாம். இந்தப் பயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான் என்றும் சொன்னேன். அதைக் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அத்தை பாகற்காய் முழுவதையும் நறுக்கி முடித்தார்கள். விதையை எல்லாம் ஒதுக்கினார்கள். நான் எழுந்து போகப் பார்த்தேன். அப்போதுதான் பேசினார்கள். அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

'இருவது வருசம் அவுக பேரை நான் சொல்லலைத்தா. நம்ம சாமி பேரும் அதே பேரு. அதனால சாமியையே பெரிய சாமின்னுதான் கும்புட்டேன். கருப்பட்டியப் பனவெல்லம்னு கேட்டு, கடைக்காரன் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் குடுத்துருக்கான். அப்புடியும் அவுக நாப்பது வயசுல போயிட்டாக. சொல்லாம இருந்தா உசுரு நிக்கும்னா, அவுக இன்னிக்கி இங்கிட்டு ஒக்காந்து பாகக்கா வேணாம்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கணும்ல?'

மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கணக்கை அவர்கள் எத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்தார்களோ. பிறகு ஏன் அத்தை எனக்கும் அதையே சொன்னீர்கள் என்று கேட்டேன். 'எனக்குச் சொன்னாக, நான் ஒனக்குச் சொன்னேன். அம்புட்டுத்தான்' என்றார்கள்.

பிறகு கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். 'எழுது. எம்மகன் பேரை நல்லா எழுது' என்றார்கள்.

எழுதினேன் மச்சான். பன்னிரண்டு எழுத்தையும் எழுதினேன். ஏழாவது எழுத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அங்கே ஒரு சின்ன மைப்புள்ளி விழுந்திருக்கிறது, அதை அடித்தல் என்று சொல்லிவிடாமல் அந்தக் கிளார்க்கிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் வீடு அப்படியே இருந்தது. கோயில் மணி அடித்தது, தெருவில் கத்தரிக்காய்க்காரி கூவினாள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. 'அவுக பேரையும் எழுதிக் காட்டு' என்றார்கள் அத்தை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதினேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாதே, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து இது என்ன இது என்ன என்று கேட்டார்கள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் தாங்களாகவே சேர்த்துச் சொன்னார்கள்.

'பெரியகருப்பன்.'

முதலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள், கொல்லைப்புறத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. அழவில்லை. 'நல்ல பேருதான்' என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குழம்பு வைக்கப் போய்விட்டார்கள்.

தபாலாபீஸுக்கு ஓடுகிறேன். உறையைப் பாருங்கள்.

உண்ணாமலை


மதராஸ்
1-7-1947

என் உண்ணாமலைக்கு,

உறையைப் பார்த்தேன். சனிக்கிழமை தபால்காரர் உறையின் மேல் இருந்ததை ஒரு தடவை படித்துவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்து வைத்தார். குழந்தைசாமி எட்டிப் பார்த்து, 'அப்ப இனிமே எனக்குக் காயிதமே வராதா?' என்றான்.

மனுவைப் பிரித்து ஒன்பதாவது கட்டத்தைப் பார்த்தேன். என் பெயரைத் தினமும் நானே பத்து இடத்தில் டைப் அடிக்கிறேன். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பார்த்திருக்கிறேன், சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தா சொன்னதைப் படித்தபோது ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன், வக்கீல் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அப்பா இருந்தபோது ஆத்தா அவரை 'இந்தாங்க' என்று கூப்பிடுவது இன்னும் என் காதில் இருக்கிறது.

நேற்று திங்கட்கிழமை பதினொரு மணிக்கே கல்லூரிக்குப் போய்விட்டேன். அதே கிளார்க். முதலிலிருந்து கடைசி வரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மைப்புள்ளியில் வந்து நின்றார். 'இது என்ன?' என்றார். 'அவங்களுக்கு அந்த இடத்துல கொஞ்சம் யோசனை வந்துருச்சுங்க' என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், கீழே அந்தப் பெயரைப் பார்த்தார். 'யோசிச்சு எழுதுனதுதானே, பரவாயில்லை' என்று முத்திரையைக் குத்திவிட்டார்.

பெண்கள் மனு மொத்தமே இரண்டு மூன்றுதானாம், இன்று காலையே கடுதாசி என் விலாசத்துக்கு வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது உண்ணாமலை! வருகிற திங்கட்கிழமை ஏழாம் தேதி பத்து மணிக்கு அசல் சர்டிபிகேட்டுகளோடு நீ நேரில் வந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும், அன்றைக்கே வகுப்பு. விருப்பப் பாடம் நில உரிமைச் சட்டம் என்று அவர்களே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை ரயில் ஏறிவிடு. ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பூரில் வந்து நிற்பேன். ஒரு கவலைதான். காலேஜ் திறக்கிற வாரம், பிளாட்பாரத்தில் தலைதான் தெரியும், ஆள் தெரியாது. நீ எந்தப் பெட்டியில் வருவாய் என்று எனக்குத் தெரியாது, நான் எங்கே நிற்பேன் என்று உனக்குத் தெரியாது. கடிகாரத்துக்குக் கீழே நிற்கட்டுமா? வேறு அடையாளம் ஏதாவது வேண்டுமா? உடனே எழுது.

ஆவுடையப்பன்


திருக்கோகர்ணம்
3-7-1947

என் மச்சானுக்கு,

டிரங்குப் பெட்டியை மூன்று தடவை அடுக்கிக் கலைத்துவிட்டேன். சர்டிபிகேட்டுகளை அத்தை மஞ்சள் துணியில் கட்டி வைத்திருக்கிறார்கள். தங்களுக்கும் மதராஸ் பார்க்க வேண்டுமாம், தீபாவளிக்கு அவர்களையும் அழைத்துக்கொள்ள வேண்டும். வல்லத்திராக்கோட்டையிலிருந்து அப்பா வந்தார். நில உரிமைச் சட்டம் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். 'இன்னொரு தடவை சொல்லு' என்றார்.

கடிகாரத்துக்குக் கீழே நிற்க வேண்டாம், அங்கேதான் எல்லோரும் நிற்பார்கள். அடையாளமும் வேண்டாம். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள். ரயில் நின்றதும் நான் பெட்டி வாசலில் நின்று உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். நம் பக்கத்து ரயில், ஆவுடையார்கோயில்காரர்கள் நிறைய வருவார்கள், அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உங்கள் பெயர்தான். அந்தப் பெயருக்கு நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீங்கள் திரும்புகிற வரைக்கும் நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

உண்ணாமலை